உள்ளே யாரும் இல்லை என்று சொன்னவன்

கூட்டத்தின் கூச்சலையெல்லாம் ஒரு கையசைவில் அடக்கி வைத்திருக்கும் தலைவர் அவர்களே! விதிகளை வரிவரியாக வாசித்துவிட்டுத் தொண்டை வறண்டு அமர்ந்திருக்கும் நகரமன்றச் செயலாளர் அவர்களே! மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்தும் முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியவர்களே! மடியில் உறங்கும் மழலையைத் தட்டியபடி என்னை ஐயத்தோடு பார்க்கும் தாய்மார்களே! எனக்கு முன் பேசியவர்களே, எனக்குப் பின் வந்து என்னை ஏசப் போகிறவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கடைக்காரன். உங்களில் பாதிப்பேர் இப்போது என்னைப் பார்ப்பதே நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான். மூன்று மாதங்களுக்கு முன் இதே மேடையில் நின்று, நாள்வாடகை வீடுகளுக்கு விதியே கூடாது என்று முழங்கியவனும் நான்தான். "கதவில் பொறுப்பாளர் பெயரா? கதவு என்ன விளம்பரப் பலகையா? தங்குகிறவருக்குப் பதிவேடா? வீடு என்ன சிறைச்சாலையா?" என்று கேட்டேன். கூரை அதிரக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை இன்று திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

என்ன ஐயா கேட்டீர்கள்? கட்சி மாறிவிட்டேனா? மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள். என்னால் இந்த மேடையில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பத்து வாரமாக எங்குமே நிற்க முடியவில்லை. அதனால் நடந்துகொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி வெளிநாடு போனபோது மூன்றாவது மாடியில் இருந்த அவன் வீட்டை என்னிடம் விட்டுப் போனான். நாள்வாடகைக்கு விட்டேன். ஒரு வீடு இரண்டானது, இரண்டு மூன்றானது. கதவுக்கு எண்பூட்டு. கைப்பேசியில் வருகிறார்கள், கைப்பேசியில் போகிறார்கள். சாவி இல்லை, சந்திப்பு இல்லை, முகம் இல்லை. படுக்கை விரிப்பைப் பார்த்தேன், பாத்திரம் பண்டத்தைப் பார்த்தேன், பக்கத்து வீட்டைப் பார்க்க மறந்தேன்.

அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. சன்னலோரம் தையல் இயந்திரம் போட்டுப் பிழைப்பவர். அவர் என்னிடம் எத்தனை முறை வந்தார் தெரியுமா?

"தம்பி, விடியறதுக்கு முன்னாடி பெட்டிய உருட்டிக்கிட்டு வர்றாங்க. என் கதவத் தட்டி பூட்டு நம்பர் கேக்குறாங்க. நான் என்ன வரவேற்பறையில உக்காந்திருக்கேனா?"

"காதுல பஞ்சு வெச்சுக்கோங்கக்கா" என்றேன்.

"அது சத்தத்துக்கு. பயத்துக்கு எதை வெச்சுக்கிறது? நேத்து ஒரு முகம், இன்னிக்கு ஒரு முகம். பக்கத்துல யாரு இருக்காங்கன்னே தெரியலப்பா."

நான் என்ன செய்தேன்? அவருக்கு 'துப்பறியும் அக்கா' என்று பட்டப்பெயர் வைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உங்களில் சிலர் என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள். தலையைக் குனிய வேண்டாம், நான் பெயர் சொல்ல மாட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கடையில் ஒருவருக்குக் கண் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க கட்டடத்துல புகை வருது" என்று தொலைபேசி. எழுத்துப் பலகை முன் உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கீழ்த்தளத்து மின்பெட்டி எரிந்து, மாடிப்படி முழுக்கக் கரும்புகை. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. குடியிருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து தெருவில் நின்றார்கள்.

தீயணைப்பு அதிகாரி கேட்டார்: "மூணாவது மாடி, வலது பக்கம், கதவு பூட்டியிருக்கு. யாரு வீடு?"

"என்னோடதுதாங்க."

"உள்ள எத்தனை பேரு?"

அவையோரே! எத்தனை எளிய கேள்வி! ஒரு குழந்தைகூடத் தன் வீட்டைப் பற்றிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி! நான் சொன்னேன்: "யாரும் இல்லீங்க. நேத்தே காலி பண்ணிட்டாங்க."

பொய் சொல்லவில்லை. தெரியும் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரிந்தவன்போலச் சொல்வது பொய்யைவிடக் கொடியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஈரத்துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு நின்ற தையல் அக்கா பாய்ந்து வந்தார். "யாரு சொன்னது? உள்ள ஒரு பொண்ணு இருக்கு! காதுல கட்டுப் போட்டிருக்கு. அவங்க அப்பா மருந்து வாங்கப் போயிட்டாரு. காலையில அது பால்கனியில துணி காயப்போட்டத நான் சன்னல்ல உக்காந்து பாத்தேன்!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, அது போன வாரம் வந்தவங்க. நீங்க குழப்பிக்கிறீங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வீட்டுக்காரன் இல்லை என்கிறான், பக்கத்து வீட்டுக்காரி இருக்கு என்கிறாள். யாரை நம்புவது? அந்த ஒரு கணம் என் வாழ்நாளைவிட நீளமானது. "சன்னல்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரோடு மேலே ஓடினார். கதவை உடைக்கும் சத்தம் தெருவரை கேட்டது.

அப்போதுதான் என் நெஞ்சில் இடி விழுந்தது. முந்தைய நாள் மாலை ஒரு செய்தி வந்திருந்தது: "ஐயா, டாக்டர் இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொல்றாரு, இருக்கலாமா?" நான் "சரி" என்று தட்டியிருந்தேன். தட்டினேன், மறந்தேன். எந்தத் தாளிலும் எழுதவில்லை. ஒரு தந்தைக்கு நான் கொடுத்த வாக்கு, என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை!

அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபது வயது இருக்கும். காதில் அறுவைச் சிகிச்சை. அழைப்புமணி கேட்கவில்லை, தெருவின் அலறல் கேட்கவில்லை. உள்ளறையில் படுத்திருந்தவளைப் புகை தொட்டபின்தான் எழுந்திருக்கிறாள். இருமினாள். மூச்சு இருந்தது. மூச்சு இருந்தது, தாய்மார்களே!

சற்று நேரத்தில் மருந்துப் பையோடு தந்தை வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, என்னிடம் வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க ஓடி வந்ததாலதான் எம்பொண்ணு பொழச்சா. நீங்க நல்லா இருக்கணும்."

என்னை அறைந்திருக்கக் கூடாதா? காறித் துப்பியிருக்கக் கூடாதா? நன்றி சொன்னார்! பக்கத்தில் தையல் அக்கா நின்றார். தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் தூக்கம் போனது. ஒருநாள் அக்காவின் கதவைத் தட்டினேன். "அன்னிக்கு ஏன்க்கா அவர்கிட்ட உண்மையச் சொல்லல?"

"அது நீ சொல்ல வேண்டியது. நான் எதுக்குச் சொல்லணும்?"

"விதி வந்தா பொறுப்பாளர் பேரு கதவுல போடணும். நீங்க எப்பவும் இங்கதான இருக்கீங்க, உங்க பேரப் போடட்டுமாக்கா?"

தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன், உனக்குப் பேரு வெக்கலியா?"

சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை.

இரண்டு வீடுகளைக் கைவிட்டுவிட்டேன். ஒன்றில் ஒரு ஆசிரியர் தம்பதி ஆண்டு வாடகைக்குக் குடிவந்துவிட்டார்கள். தம்பி வீட்டை மட்டும் வைத்திருக்கிறேன். கதவில் என் பெயர், என் எண். இன்று உள்ளே யார் என்று எழுதிய தாள் அக்காவிடம் ஒன்று, கடையில் ஒன்று.

சிலர் கத்துகிறீர்கள், "மூடு எல்லாத்தையும்!" என்று. அம்மா, மூடிவிட்டால் அந்தத் தந்தை மகளோடு எங்கே தங்குவார்? மருத்துவமனை வராந்தாவிலா? திறக்க வேண்டும், ஆனால் பெயரோடு திறக்க வேண்டும்! வாடகைக்கு விடலாம், ஆனால் பொறுப்பை விடக் கூடாது! அரைமணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய ஒரு மனிதன் வேண்டும் என்கிறது விதி. அது கொடுமையா? தங்குகிறவர் பட்டியல் வேண்டும் என்கிறது. அது கொடுமையா? புகைமணி வேண்டும் என்கிறது. நான் ஒரு படி மேலே போகிறேன்: காது கேளாதவருக்கும் தெரியும்படி விளக்கும் சேர்ந்து எரியட்டும். செயலாளர் அவர்களே, அதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டீர்களா? நன்றி.

கடைசியாக ஒன்று. இன்று காலை அந்தத் தந்தைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். உள்ளே யாரும் இல்லை என்று நான் சொன்னதையும் எழுதினேன். அவர் படித்துவிட்டார் என்று கைப்பேசி காட்டுகிறது. பதில் இல்லை. மதியம் பார்த்தேன், இல்லை. மேடையேறும் முன் பார்த்தேன், இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடைய உரிமை. உங்கள் பதில் மட்டும் இப்போதே எனக்குத் தெரிய வேண்டும். இந்த விதிகளுக்குச் சம்மதம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். அரைக்கை வேண்டாம் ஐயா, முழுக்கை!

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், அழுத பிள்ளையை வெளியே தூக்கிப் போகாமல் இங்கேயே இருந்த தாய்மார்களுக்கும், என்னை ஏசக் காத்திருக்கும் அடுத்த பேச்சாளருக்கும் நன்றி கூறி, உயர்ந்த கைகளை எண்ணும் வேலையைத் தலைவரிடம் விட்டு இறங்குகிறேன். வணக்கம்.