சப்பரத்துக்கு அடியில்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குடிக்கலாம். போலீஸ்காரர் ஒருவர் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன், பாண்டிதுரை ஐயா.

ராஜபாளையத்தில் நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஆனால் மனசெல்லாம் எங்கள் ஊர் மாதா கோவில் சப்பரத்தில்தான். தேக்கில் செதுக்கிய, சிறகு விரித்த சம்மனசுகள், திராட்சைக் கொடிகள், எல்லாம் கரையானுக்குப் போய்க்கொண்டிருந்தன. பங்குச் சாமியாரிடம் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நானே ஸ்கேன் எடுத்தேன். கண்ணாடி மாதிரி ஒரு கருவியை மாட்டினால் சப்பரம் எதிரே நிற்கும், சுற்றி நடந்து பார்க்கலாம். சமய மரபைக் காக்கும் புதுமைத் திட்டங்களுக்கு விருது என்று கேள்விப்பட்டு அனுப்பினேன்.

நடுவராக வந்த ஜெயசித்ரா அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிஜச் சப்பரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அசலே இங்க நிக்குதே தம்பி. அழிஞ்சதை மீட்டுக் கொடுத்தா அது வேற.”

ஸ்ரீவில்லிபுத்தூர் நிஜாம், மழையில் இடிந்த ஒரு தர்காவை அப்படி மீட்டிருந்தான். விருது அவன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அது மழையில்தான் இடிந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம். நீங்கள் விசாரிக்கலாம்.

எங்கள் ஊரில் நேர்ச்சை மெழுகுதிரியைச் சப்பரத்தின் சக்கரத்திலேயே ஒட்டிவைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக உருகிய மெழுகு அடியில் அப்பிக் கிடந்தது. எங்கே தடிமன் அதிகம் என்று ஸ்கேன் காட்டியிருந்தது. ஒரு ஞாயிறு மதியம், ஊரே கல்யாணப் பந்தியில் இருந்தபோது, தங்கபாய் அக்கா ஏற்றிவிட்டுப் போன திரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தேன். காற்றில் அணைந்துவிடக் கூடாதே என்று சப்பரம் நிற்கும் கொட்டகையின் கதவை வெளியே தாழிட்டேன். பந்தி முடிவதற்குள் சப்பரம் எரிந்து சாம்பலாகிவிட்டது.

உள்ளே அக்காவின் புருஷன், காவல்காரர் பொன்னுராஜ் அண்ணன் இருந்தார். அது எனக்குத் தெரியாது என்று முன்பு உங்களிடம் சொன்னேன். தன் மெழுகுதிரிதான் புருஷனைக் கொன்றது என்று அக்கா நம்பினார். ஊரும் நம்பியது. ஏற்கெனவே நொந்திருந்தவரை மேலும் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விருது எனக்கே கிடைத்தது. விழாவில் அக்காவுக்குத்தான் முதலில் கண்ணாடியை மாட்டிவிட்டேன். சுற்றி வந்தவர் குனிந்து பார்த்தார்.

“அவியளக் காணலியே தம்பி. மத்தியானம் சோறு தின்னுட்டு இதுக்கு அடியிலதான படுப்பாவ.”

கூட்டத்தில் நின்ற உங்கள் முகம் மாறியதை அப்போதே கவனித்தேன். மறுநாள் என் கம்ப்யூட்டரை எடுத்துப் போனீர்கள்.

அதில் திருத்தாத முதல் பதிவைப் பார்த்திருப்பீர்கள். நான் ஸ்கேன் எடுத்ததெல்லாம் மதியத்தில்தான். எல்லாவற்றிலும் அண்ணன் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். கால் விரல் வரை பார்த்துப் பார்த்து நான்தான் அவரை நீக்கினேன். மரபுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? தெரியும் ஐயா, அன்றைக்கும் அங்கேதான் இருப்பார் என்று தெரியும். திரியைத் தள்ளும்போதே துண்டின் நுனி சக்கரத்துக்கு வெளியே தெரிந்தது.

அக்காவைப் பார்த்தால் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பதிவு பத்திரமாக இருக்கிறது. கேட்டால், அண்ணனைத் திரும்பவும் சப்பரத்துக்கு அடியில் படுக்கவைத்துத் தருகிறேன்.