இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறவர்

பழைய டர்போ வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். காலையில் எடுக்கும்போது மக்கர் பண்ணுகிற எஞ்சினை, நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "இது எங்கன கெடச்சுது?" என்று கேட்கிறார்கள். இருபது வருஷப் பழசு, ஸ்டேஷன் வேகன். முன்பக்கம் கார், பின்பக்கம் ஒரு சின்ன அறை. டர்போ டீசல். இன்றைக்கும் சாவியைத் திருகிய உடனே எடுக்கும். அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதிர்ஷ்டத்தை நம்பி நான் எதையும் செய்ததில்லை. எப்படிக் கிடைத்தது என்பதை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் கோமதித்தாய். மெக்கானிக்கல் இன்ஜினீயர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் கொடுத்த சான்றிதழ்கூட இருக்கிறது. அதனால் காலேஜ் கட்டணம் குறைந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. வேலை கேட்டுப் போன மூன்று இடத்திலும் எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஒரு ஷோரூமில், பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்று சந்தனம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்து பூ வியாபாரத்தில் இறங்கினேன். அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

காலையில் எடுத்த மல்லிகையை, மொட்டு விரிவதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் சேர்க்க வேண்டும். வாடகை வண்டிக்காரன் டீ குடிக்க நிறுத்துகிற இடமெல்லாம் பூ விரியும். விரிந்த பூவுக்கு மரியாதை கிடையாது. எனக்குத் தேவை மூன்று: ஏசிக் காற்று போய்ச் சேருகிற நீளமான பின்பக்கம், ஆரியங்காவு ஏற்றத்தில் சுமையோடு மூச்சு வாங்காத டர்போ, கம்ப்யூட்டர் இல்லாமல் ஸ்பேனரால் சரிசெய்யக்கூடிய பழைய எஞ்சின்.

புளியங்குடி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தாஹா அண்ணன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஊர்ல எல்லாவனும் உசரமான வண்டியா வாங்குதான். நீ மட்டும் எதுக்குட்டி பொணம் கொண்டு போற மாதிரி நீள வண்டியத் தேடுத?"

"ரெண்டுலயும் பூதான அண்ணே போவுது."

ஐந்து மாதத்தில் நான்கு வண்டி பார்த்தேன். தென்காசியில் காலை ஆறு மணிக்கே போனட்டில் தோசை சுடலாம் போலிருந்தது. கோவில்பட்டியில் சைலன்சர் நீலப் புகை விட்டது. டர்போ ஆயில் குடிக்கிறது என்று பொருள். ராஜபாளையத்தில் கதவில் காந்தம் ஒட்டவில்லை, அடிபட்டதை மறைக்க முழுக்கப் பட்டி பூசிய கதவு. விற்கிறவர், "ஒங்க காந்தம் பழசா இருக்கும்மா" என்றார். திருநெல்வேலிக்காரர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அப்பாவுக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாது. அவரும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான்கு பேரிடமும் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். விற்க நினைக்கிறவனிடம் நல்ல வண்டி இருக்காது. விற்க மாட்டேன் என்கிறவனிடம்தான் இருக்கும்.

ஓடி வந்த டர்போவைச் சட்டென்று அணைக்கக் கூடாது. உள்ளே சுற்றுகிற சக்கரம் கொதித்துக்கொண்டிருக்கும். ஆயில் நின்றால் வெந்துபோகும். வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பொறுமை யாருக்கும் கிடையாது. ஒரு நாள் காலை, வாசகசாலை எதிரே வேப்பமரத்தடியில் இந்த வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த பெரியவர் இறங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் நேரம் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம். அப்புறம் அணைத்தார். அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

அவர் பெயர் பரமசிவன். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், எழுபத்தொரு வயது. மனைவி இல்லை. ஒரே மகள் ராஜகுமாரி பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை தோறும் பின்பக்கத்தில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம் போவார். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் வாங்காமல் வருவார். அந்தப் பக்கத்து ஆடுகள் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளியும் என்று பெருமையாகச் சொல்வார்.

விற்பீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"இத ஒனக்கு வித்துட்டு, நான் என்ன ஆட்டு மேல ஏறியா ஊசி போடப் போவேன்?" என்று சிரித்தார். "ஆசப்பட்டுட்டல்லா. ஒரு சுத்து ஓட்டிட்டு வா, மக்கா."

ஓட்டினேன். திரும்பி வந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைத்தேன். மனிதர் தங்கமானவர். அதுதான் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் காத்திருக்கலாம், எதிலாவது மாட்டி வண்டியை விற்பான். நல்லவர்கள் தொண்ணூறு வயது வரை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். கண் நன்றாக இருந்தது. கை கால் நன்றாக இருந்தது. எனக்கு மிச்சம் இருந்தது அவருடைய ஞாபகம் ஒன்றுதான்.

சாவிக்கு நான் அலையவில்லை. ஸ்டியரிங் பூட்டைச் சரிசெய்ய வண்டி தாஹா அண்ணனிடம் வந்திருந்தது. மறந்து விட்டுப்போன இரண்டாவது சாவியை, "போற வழியில டாக்டர் வீட்டுல குடுத்துரு" என்று என்னிடமே தந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். டாக்டர் ஒரு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்.

அவர் தினமும் பத்து மணிக்கு வாசகசாலைக்குப் போவார், பதினொன்றுக்கு வெளியே வருவார். வியாழக்கிழமை எனக்குப் புனலூர் ஓட்டம் இல்லை. முதல் வியாழன் வண்டியை வேப்பமரத்தடியிலிருந்து எடுத்து எதிர்வரிசையில் தபால் பெட்டியை ஒட்டி விட்டேன். நாற்பது அடி இருக்கும். பட்டப்பகலில் ஒரு பெண் சாவி போட்டுத் திறந்து வண்டியை எடுத்தால் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. மகள் என்று நினைப்பார்கள்.

அவர் வெளியே வந்து வேப்பமரத்தைப் பார்த்தார். குடையை விரித்தார், மடக்கினார். அப்புறம் வண்டியைக் கண்டுபிடித்து, இளநீர் விற்கும் பாலம்மாளிடம் போனார். அவள் பத்தரைக்குத்தான் கடை போடுவாள். என் வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

"வண்டிய நான் அங்கனதான விட்டேன், பாலம்மா?"

"நான் வரும்போதே இங்கனதான நின்னுது, டாக்டரய்யா."

அவள் பொய் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் யாரும் பொய் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் ஒன்பது வியாழன் இப்படிச் செய்தேன். இரண்டு தடவை கேனில் டீசல் கொண்டுபோய் ஊற்றி வைத்தேன். எப்போது டீசல் போட்டேன் என்று அவர் பங்க்கில் போய்க் கேட்டாராம். திருடுகிறவர்கள் டீசலை உறிஞ்சுவார்கள், நான் ஊற்றினேன். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். வண்டியை நிறுத்தியதும் 'வேம்பு' என்று எழுதிக்கொள்வார். அந்தச் சீட்டை நான் தொடவில்லை. அடுத்தவர் பையில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வண்டியை மட்டும் தபால் பெட்டிப் பக்கம் விட்டேன். அன்று அவர் நடுத்தெருவில் நின்று சீட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரன், "யோவ், நட்ட நடு ரோட்டுல நின்னா படிக்க?" என்று கத்தினான். நான் போய்க் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டி வந்தேன்.

"நல்ல வேளை, நீ வந்த" என்றார். கை சில்லென்று இருந்தது.

அதற்குப் பின் நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இளையரசனேந்தலில் முத்துமாரியம்மாளின் ஆட்டுக் கிடையில் ஊசியும் கையுமாக நின்றவருக்கு, கையில் பிடித்திருந்த ஆட்டுக்கு மருந்து போட்டோமா இல்லையா என்று தெரியவில்லையாம். "போட்டுட்டீய, டாக்டரய்யா" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றவர், ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் எந்த ஆட்டையும் தொடவில்லை. அந்த மழைக்காலத்தில், ஊசி போட ஆளில்லாமல் அவள் கிடையில் பதினேழு ஆடு செத்தது. அவர் பெட்டியை மூடிய அன்று நான் புனலூரில் இருந்தேன். என் கை அதில் இல்லை.

அவரே மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். ராஜகுமாரி அக்கா வந்து திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். அந்த வாரமே நான்கு புரோக்கர்கள் வாசலுக்கு வந்தார்கள். டாக்டர் யாரையும் உள்ளே விடவில்லை.

"கோமதிகிட்ட குடு. அவதான் அத அணைக்க முன்னாடி பொறுமையா இருப்பா" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் கிடைத்தது. இன்றைக்கு என் பூ மொட்டாகவே புனலூர் போய்ச் சேர்கிறது. ராஜகுமாரி அக்கா மாதா மாதம் வர முடியாது என்பதால், டாக்டரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போவதும் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவருடைய வண்டியிலேயே, முன்சீட்டில், என் இடப்பக்கம் உட்கார்ந்து வருவார். மாத்திரை போட்டால் பெரும்பாலும் தூங்கிவிடுவார்.

போன மாதம் தூங்கவில்லை. தேவர்குளம் தாண்டியதும் பேசினார்.

"கோமதி, ஒண்ணு கேக்குதேன். தப்பா எடுத்துக்கிடாத."

"கேளுங்க, டாக்டரய்யா."

"வாசகசாலை ஜன்னல் வழியா ஒரு நாள் பாத்தேன். நீ என் வண்டிய எடுத்து அந்தப் பக்கம் விடுத மாதிரி இருந்துச்சு. மவகிட்ட சொன்னேன். ஒதவி பண்ணுத புள்ள பேர இழுக்காதீங்கப்பான்னு அழுதுட்டா. அதக் கேட்டு அந்த நரம்பு டாக்டர் அன்னைக்கே மாத்திரையக் கூட்டிட்டாரு. இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிச்சிட்டாம்." என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னா நான் நம்பிருவேன். அது நீதானா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாத்திரையை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊசிப்பெட்டியைத் தூக்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஊசிப்பெட்டியைத் தூக்கினால் வண்டியையும் கேட்பார். கியரைக் குறைத்து ஒரு லாரியை முந்தினேன். டர்போ அழகாக விசிலடித்தது.

"நான் இல்ல, டாக்டரய்யா."

தலையை மெதுவாக ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, மதியத்துக்கு உள்ளதை அப்போதே போட்டுக்கொண்டார். தண்ணீர் பாட்டிலை நான்தான் திறந்து கொடுத்தேன். எழுபத்தொரு வயது மனிதருக்குச் சந்தேகம் எவ்வளவு பெரிய பாரம் என்று உங்களுக்குத் தெரியாது. அதை அன்றைக்கு நான்தான் இறக்கி வைத்தேன்.