நூறு கஜம்

— சப்பாத்தி மாவு என்னக்கா பாவம் பண்ணுச்சு? இந்தக் குத்துக் குத்துறீங்க.

— கைக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும், ராஜிம்மா. ஆளக் குத்தினா போலீசு புடிச்சினு போவான்.

— யாரைக் குத்தோணும்?

— உங்க சொசைட்டி பில்டிங்கு கேட்டாண்ட ஒரு பான் டப்ரி, பொட்டிக்கட, இருந்துச்சே. அது எங்க போச்சுன்னு என்னிக்காச்சும் கேட்டீங்களா?

— அதை எதுக்குங்க்கா கேக்கோணும்? குழந்தைங்க ஸ்கூல் பஸ் ஏறுற இடம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தோம், எடுத்துட்டாங்க.

— எடுக்கல. தள்ளிவுட்டாங்க. சாக்கட நாலாவத் தாண்டி எங்க சந்துல வந்து குந்திக்கிச்சு. மொதல்லயே ரெண்டு கீது, இத்தோட மூணு. எங்க குப்பத்துலேர்ந்து பாலு வாங்க நான் மெயின் ரோடு போவணும். குட்கா வாங்கக் கால நீட்டினா போதும்.

— அதுக்குத்தானுங்களே வழி சொன்னேன். பள்ளிக்கூடத்துல இருந்து நூறு கஜத்துக்குள்ள அதையெல்லாம் விக்கக்கூடாதுன்னு இப்பச் சட்டமே வந்திருக்குது. உங்க சந்துலதான் பால்வாடி இருக்குதே, எழுதிக் குடுங்கன்னேன்.

— குடுத்தேன். தகரக் கொட்டாய எவன் பள்ளிக்கூடம்னு ஒத்துக்குவான்னேன். போர்டு மாட்டுங்கன்னீங்க. நஸ்ரின் டீச்சரு சுண்ணாம்பு அடிச்சிது. எம்புள்ள அருண்ராஜி மராட்டில எழுதினான். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை பெருசு. பஸ்ல போறவனுக்குக்கூடத் தெரியும்.

— அவன் வாய் இப்ப எப்படியிருக்குது?

— ரெண்டு வெரலு நொழையல. பத்தொம்போது வயசுல குட்கா தின்ன வாயி. சோத்தக் கரைச்சி ஊத்தறேன். அவன் கத அவ்ளோதான். பேத்தி தேஜஸ்வினி கீதே, பால்வாடிக்குப் போற வழில டப்ரில தொங்குற பொட்டலத்தக் கையக் காட்டி எண்ணுது. ஏக், தோன், தீன். அதப் பாத்துட்டுத்தான் போனேன், எழுதிக் குடுக்க.

— சரி, ஆபீசர் வந்தாரா?

— வந்தான். டேப்பு புடிச்சான், டப்ரிலேர்ந்து எங்க போர்டு வரைக்கும். சக்கர தூக்கலா டீ போட்டுக் குடுத்தேன்.

— நூறு கஜத்துக்குள்ளதானே வருது?

— எட்டித் துப்பினா வந்து வுழும். போர்டு நல்லாக்கீதுன்னு சொன்னான். எல்லாம் எழுதினு போனான்.

— அப்புறம்?

— நேத்து காலைல வண்டி கொண்ணாந்து இடிச்சானுங்க.

— அப்பாடா. ஜெயிச்சுட்டீங்கல்ல. அப்புறம் எதுக்குங்க்கா இவ்வளவு கோவம்?

— டப்ரிக்காரனாண்ட லைசன்ஸு இருந்துச்சு, ராஜிம்மா. பால்வாடிக்கு ஒரு துண்டு காயிதம் கெடையாதுன்னு அதத்தான் இடிச்சானுங்க. போர்டப் பாக்குற வரைக்கும் அங்க அப்பிடி ஒண்ணு கீதுன்னே அந்த ஆபீசருக்குத் தெரியாது. இப்ப நூறு கஜத்துக்குள்ள பள்ளிக்கூடமே இல்ல, கடமேல தப்பு இல்லன்னு எழுதினு போய்ட்டான்.