குழி மூடியாச்சு

ஓடுகிறேன். கையில் என் மகள் செல்லம்மா. பின்னால் கதவு உடைகிற சத்தம். படார். மறுபடி படார். ஆம்பூரில் என் கேழ்வரகுக் கடையைச் சூறையாடுகிறார்கள். ஜெர்மன் சண்டையின் கடைசி வருஷம், புரட்டாசி, நடுப்பகல். சந்தையில் தானியம் இல்லை. என் வீட்டுக்காரர் கடல் தாண்டி பஸ்ராவில் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கிறார்.

"யக்கா, அந்தப் பக்கம் போவாத!"

யாரோ கத்துகிறார்கள். நான் நிற்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பு முற்றத்துக்குள் நுழைகிறேன். கூட்டம் இடிக்கிறது. கை நழுவுகிறது. தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தோலில் முடி கழற்ற ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி அது. எப்போதும் பலகை போட்டு மூடியிருக்கும். எடுத்தவன் திரும்பப் போடாமல் போகமாட்டான். அன்றைக்கு அந்தப் பலகையால்தான் என் கடைக் கதவை இடித்தார்கள். செல்லம்மாவுக்கு ஆறு வயசு.

பலகையை எடுத்தவன் பக்கத்து வீட்டு முனுசாமி, தோல் ஷாப்பு வேலைக்காரன். தெருவுக்கே தெரியும். பஞ்சாயத்து கூடியது. தெருவுக்கு ஆடு வெட்டிச் சோறு போடு, குற்றம் தீர்ந்தது என்றார்கள். வழக்கம் அதுதான். எல்லாரும் சாப்பிட்டார்கள். கறி வாசனை என் வீடுவரை வந்தது. ஆள் ஒருத்தரும் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான், விருந்து அவர்களுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பந்தி நடுவில் நின்றேன்.

"எனக்கு ஆடும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னா செஞ்சான்னு என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்."

முனுசாமி எழுந்தான்.

"நான்தான் எடுத்தேன் யக்கா. பசி. மூடணும்னு தோணல. நீ ஓடறதப் பாத்ததும்தான் நெனப்பு வந்துச்சு. போவாதன்னு கத்தினேன். குழி தொறந்துகீதுன்னு கத்தல."

அன்றுதான் வாய்விட்டு அழுதேன். பெண்கள் இலையை விட்டு எழுந்து வந்து என்னோடு தரையில் உட்கார்ந்தார்கள். சில வாரம் வந்து போனார்கள். பிறகு அவரவர் பாடு.

அவன் மட்டும் விடவில்லை. தினமும் பொழுது சாய்கையில் எல்லாக் குழிகளையும் மூடிவிட்டு, என் வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவான். "யக்கா, குழி மூடியாச்சு!" முதலில் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். சில நாள் என்னோடு பேசிய ஒரே குரல் அது.

கடை போனது. செல்லம்மா போனாள். பஸ்ராவுக்குப் போனவர் திரும்பவில்லை. போன தையில் முனுசாமியும் காய்ச்சலில் போய்விட்டான். சாயங்காலம் ஆகிறது. சத்தமில்லை.

நான் பறிகொடுத்தது மூன்று பேரை. அவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.