மேலே வந்த கிழங்கு

புந்தோங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு தடவ பொதைச்சிட்டேன்க்கா. காலைல பாத்தா மேல வந்து கெடக்கு," என்றான் தம்பி.

"எது?"

"மீன் தொட்டில நட்ட அல்லிக் கிழங்குதான்."

"மீனு நோண்டியிருக்கும்லா."

"மீனெல்லாம் போன மாசமே செத்துப்போச்சு. வெறும் தண்ணிதான் இருக்கு."

"மேல கல்ல வைக்க வேண்டியதுதானே?"

"வச்சேன். கல்லு ஓரமா நவுந்து கெடக்கு."

அக்கா அவன் பக்கம் திரும்பினார்.

"கிழங்க எங்கேருந்து எடுத்த?"

"பழைய எஸ்டேட்லதான். அம்மா சமாதியோரம் தண்ணி நிக்குதுல்ல, அங்க."

அக்கா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய பொதைச்சிடாதீங்க, எரிச்சிடுங்கன்னு அம்மா எத்தன தடவ சொன்னாங்க. நாமதான்டா கேக்கல."