பின்கதவும் பதினான்காம் தீர்மானமும்

“வெர்னா வீட்டு ஜன்னலுக்கு ஒரு சம்பளம் போட்டுட்டா போதும், பள்ளிக்கூடத்துக்குப் போலீஸே வேண்டாம்” என்று ஹார்லன் ஸ்ப்ரேக் கத்தினான். பள்ளி ஜிம்மில் கூடியிருந்த இருநூறு பேரும் சிரித்தார்கள்.

“ஜன்னல் பாக்கும் ஹார்லன். ஓடிப்போய்ப் பிடிக்காது” என்றேன், நானும் விடாமல்.

“எதைப் பிடிக்க? போன வருஷம் உள்ளே பூந்தது ஒரே ஒரு முள்ளம்பன்றி. அதுக்கு அறுபத்தெட்டாயிரம் டாலரா? என் மாடுங்ககூடச் சிரிக்கும்.”

கூட்டத்தை நடத்திய லெலண்ட் சுத்தியலைத் தட்டினார். “பதினாலாவது தீர்மானம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் சண்டையை மிச்சம் வைங்கப்பா.”

நான் சமையலறைக்குப் போனேன். பீன்ஸ் ஆறினால் நன்றாயிராது.

அன்றைக்கு நடந்தது இப்படித்தான் ஆரம்பித்தது, எவரெட். அப்போது நீங்கள் வெர்மான்ட் பக்கமே வந்திருக்கவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். மார்ச் முதல் செவ்வாயன்று ஊரே பள்ளிக்கூட ஜிம்மில் கூடி, சாலைக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்று கை தூக்கி முடிவு செய்யும். மதியம் சாப்பிட்டதும் பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது ஹார்லன் மாதிரி, வரி என்றாலே பல்லைக் கடிக்கிற கூட்டம். பள்ளிக்கு ஒரு காவல் அதிகாரி வேண்டும் என்ற தீர்மானம் மூன்று வருடம் தொடர்ந்து தோற்றது அப்படித்தான். மூன்று முறையும் எழுந்து நின்று கேட்டவள் நான். மூன்று முறையும் சிரிப்பு.

அதனால் நான்காம் வருடம், சாப்பாட்டுக்குப் பிறகு தரும் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பண்டத்தை ஒளித்துவைத்தேன். ஓட்டு முடிந்தால்தான் பை என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் நகரவில்லை. அது தந்திரம்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இருக்கும்போது சின்னப் பிள்ளைகளைக் கொரின் டீச்சர் சமையலறைக்கு எதிர் அறையில் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்வாள் என்பது ஒரு பேச்சுக்கு. ஜிம்மில் மூன்றாம் வரிசையில் பல் டாக்டர் உட்கார்ந்திருக்கும்போது அவள் கண் பிள்ளைகள் மேல் எங்கே நிற்கும்?

சமையலறையை ஒட்டிய பின்கதவு உங்களுக்குத் தெரியும். அப்போது அது உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்; தானாகச் சாத்திக்கொள்ளும்; வெளியே கைப்பிடி கிடையாது. யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க ஆள் இல்லை என்பதைத்தான் நான் அத்தனை வருடமும் சொன்னேன். அன்று பெரிய பீன்ஸ் டப்பா ஒன்றை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்தேன். யாராவது பார்த்துக் கேட்கட்டும் என்றுதான். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் கேட்கவில்லை.

ஓப்பல்தான் வந்தாள். ஹார்லனின் பேத்தி, ஐந்து வயது, காலில் வெறும் காலுறை.

“வெர்னா, பூனைக்குட்டி எங்க?”

பள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று காலையில் நான் சொல்லியிருந்தேன். குழந்தைகளிடம் ஏதாவது பேசத்தானே வேண்டும்.

“அங்கதான் இருக்கும். போய்ப் பாரு கண்ணு” என்றேன்.

போனாள். குளிர்காற்று உள்ளே அடித்தது. டப்பாவை எடுத்துவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். பாத்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்டது. சின்னக் கை, எழுபது எண்பது முறை தட்டியிருக்கும். பிறகு நின்றுவிட்டது. ஜிம்மில் லெலண்ட் அப்போதுதான் பதினாலாவது தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்திருந்தார். குறுக்கே பேசுவது முறையில்லை. ஐந்து நிமிடத்தில் கொரின் அலறிக்கொண்டு வருவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். அது யார் தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

கொட்டகைக்கு அப்பால் இருக்கிற ஓடைக்கரையில் அவளைக் கண்டெடுத்தார்கள். பனிக்கட்டி உடைந்து இடதுகால் தண்ணீருக்குள் போயிருந்தது. இரண்டு கால்விரல்களை எடுக்கவேண்டி வந்தது. உயிர் இருந்தது, எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டத்தை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று முதலில் உயர்ந்த கை ஹார்லனுடையது. எதிர்த்து ஒரு கைகூட இல்லை. நானும் ‘சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும். ஆப்பிள் பையைத்தான் யாரும் தொடவில்லை.

உங்கள் சம்பளம், இடுப்பில் இருக்கிற துப்பாக்கி, நீங்கள் வந்து மாற்றிய அந்தப் பின்கதவு, எல்லாம் அந்த வியாழக்கிழமை கிடைத்தவை. இப்போது எட்டு வயதாகி மெய்னில் இருக்கிற ஓப்பல், பூனைக்குட்டி இருக்கு என்று வெர்னாதான் சொன்னாங்க என்று வாய் திறந்ததும், நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆமாம், சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் பூனையே கிடையாது. பதினொரு பிள்ளைகளில் ஹார்லனின் பேத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். வருத்தமா என்று கேட்காதீர்கள். நீங்கள் வந்த பிறகு அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கிறதா?

கொரின் அந்தக் கோடையிலேயே வேலையை விட்டு ஓஹையோவுக்குப் போனாள். பல் டாக்டர் பின்னால் போகவில்லை. தீவனக் கடைக்காரரின் விதவையைக் கட்டிக்கொண்டார். ஹார்லன் மாடுகளை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டான்; அங்கே ஓடை உறைவதில்லையாம். ஓப்பலின் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெய்ன் போனவள்தான், திரும்பி வரவே இல்லை. நீங்களும் ஜூனில் கல்யாணம் ஆனதும் பர்லிங்டனுக்கு மாற்றல் கேட்டிருப்பதாகக் கேள்வி.

எல்லோரும் போய்விடுகிறீர்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட நான் ஒருத்திதான் மிச்சம்.