ஆண்டி மக கதைக்கப் போகுது

— ஏனுங்க பெரியவரே, இந்த ரூமுக்குள்ள எல்லாம் வரப்படாதுங்க. மாநாட்டுல பேச வந்த விருந்தாளிங்க உக்கார்ற எடம் இது. சாப்பாடு கீழ, பந்தல்ல போடறாங்க.

— சாப்பாட்டுக்கு வரலீங்க தொரை. எங்க மகளப் பாக்க வந்தேன்.

— உங்க மக இந்த ஓட்டல்ல வேலை செய்யுதுங்களா?

— இல்லீங்க. மாநாட்டுல பேச வந்திருக்கு. அந்தா, சன்னல்கிட்ட நிக்குது பாருங்க. ராஜகுமாரி.

— அப்பா! நீங்க எப்படி இங்க?

— மேடம், உங்க அப்பாருங்களா? அடடா, மன்னிச்சுக்கோங்கய்யா. நான் வெள்ளியங்கிரி, சங்கத்துச் செயலாளருங்க. காலையில இருந்து இந்த மாநாட்டோட மல்லுக்கட்டி ஆளே அடையாளம் தெரிய மாட்டேங்குது. உக்காருங்க, உக்காருங்க. செருப்ப எதுக்குங்க வெளிய விட்டீங்க? தரை சில்லுன்னு கெடக்குது.

— இருக்கட்டுங்க. விரிப்பு நல்ல விரிப்பா இருக்கு. சேறாயிரும்.

— மேடம், கல்கத்தாவுல இருந்து வந்தவரு இன்னும் மைக்க விடலீங்க. ரஷ்யாக்காரன் ஏன் நம்ம தேயிலைய வாங்கறதில்லைன்னு ஆரம்பிச்சாரு. இப்ப ரஷ்யாவோட சரித்திரத்துல நிக்கறாரு. அவரு முடிச்சதும் நீங்கதான். நானே வந்து கூப்பிடறேன். அய்யாவுக்கு ஒரு காப்பி சொல்லட்டுங்களா?

— தேயிலைச் சங்கத்துல காப்பியா தொரை?

— டீ தீந்து போச்சுங்கய்யா. சிரிக்காதீங்க. இந்த வருசம் எங்களுக்கு எல்லாமே இப்படித்தான் நடக்குது. நீங்க பேசிட்டிருங்க, நான் போயி அவருக்கு மணி அடிக்கச் சொல்றேன்.

— சரிங்க சார்... அப்பா, நான் ஊட்டிக்கு வந்திருக்கறது உங்களுக்கு யாரு சொன்னா?

— ஏன் ஆயி, தெரியக் கூடாதா?

— அப்படி இல்லப்பா. முடிச்சுட்டு நானே வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்.

— நம்ம கிளார்க்கய்யாதான் சொன்னாரு. 'ஆண்டி, உன் மக மாநாட்டுல கதைக்கப் போகுது, தொரைமாருங்கெல்லாம் கீழ உக்காந்து கேக்கப் போறாங்க'ன்னாரு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. உங்கம்மா இருந்திருந்தா லயத்துல ஒரு வீடு விடாம போயிச் சொல்லியிருப்பா. அவ இல்லியேன்னு நானே போயிச் சொன்னேன்.

— எல்லார்கிட்டயுமா?

— சும்மா கேட்டாத்தான் சொன்னேன். கேக்காதவங்களுக்கும் கொஞ்சம் சொன்னேன்.

— அப்பா... தனியாத்தானே வந்தீங்க?

— தனியா எப்படி ஆயி வர்றது? நம்ம மேல் டிவிஷன் லயத்துச் சனம் பாதி வந்திருக்கு. கொழுந்து லாரி சும்மாதானே நிக்குது, அதக் கேட்டு வாங்கினோம். உங்கண்ணன் பாண்டியன், அண்ணி தெய்வம்மா, சின்னம்மை, எல்லாரும் பின்னால நின்னுக்கிட்டே வந்தோம். லவ்டேல்கிட்ட மழை பிடிச்சிருச்சு, அதுல கொஞ்சம் சொணங்கிருச்சு. இல்லேன்னா உன்னைய வாசல்லயே பாத்திருப்போம்.

— சின்னம்மை அத்தையுமா? அதுக்கு மூச்சு வாங்குமே, இந்தக் குளிர்ல.

— சொன்னாக் கேக்கறவளா அவ? பொட்டிக்குள்ள வெச்சிருந்த பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. நனைஞ்சு போச்சு. 'நான் தூக்கி வளத்த புள்ள மேடையேறுது, நான் கம்பளிய போத்திக்கிட்டா போவேன்'ங்கறா.

— எதுக்குப்பா எல்லாரையும் கூட்டிட்டு வந்தீங்க!

— நான் கூட்டிட்டு வரல. அவங்களே ஏறிக்கிட்டாங்க. நம்ம பக்கத்து நியாயத்த எடுத்துச் சொல்ல நம்ம புள்ளையே போகுதுன்னா, யாரு வீட்டுல இருப்பா? பேக்டரி வாரத்துல பாதி நாளு ஓடறதில்ல. கொழுந்து செடியிலேயே முத்திப் போகுது. நம்ம தோட்டத்துத் தொரையப் போயிக் கேட்டா, 'நான் என்னப்பா பண்றது, மேல கேக்கணும்'ங்கறாரு. மேல யாருன்னு எங்களுக்குத் தெரியல. நீ மேல இருக்கிறன்னு எல்லாருக்கும் நெனப்பு.

— நான் மேல இல்லப்பா.

— எங்களுக்கு மேலதானே?

— கதவச் சாத்துங்கப்பா. இல்ல, நீங்க உக்காருங்க, நானே சாத்தறேன்.

— என்னா ஆயி, கதவெல்லாம் சாத்தற? பேசறதுக்குப் பயமா? பயப்படாத. முன்னால இருக்கறவங்கள எல்லாம் தேயிலைச் செடின்னு நெனச்சுக்க.

— அப்பா, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. நடுவுல எந்திரிச்சுப் போயிடாதீங்க.

— போகல. சொல்லு.

— நான் வேலை பாக்கற கம்பெனி என்ன செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?

— பெங்களூர்ல. கம்பெனிங்களுக்கு யோசனை சொல்ற கம்பெனின்னு சொல்லியிருக்கிறியே.

— ஆமா. நட்டத்துல ஓடற தோட்டத்த என்ன பண்றதுன்னு நம்ம எஸ்டேட்டு ஓனருங்கதான் எங்ககிட்ட யோசனை கேட்டாங்க. அந்த யோசனைய எழுதிக் குடுத்தது நான். மத்த தோட்டக்காரங்களும் அதே மாதிரி செய்யலாம்னு இன்னைக்கு இங்க அத விளக்கிப் பேசப் போறேன்.

— நல்லதுதானே? தோட்டத்தக் காப்பாத்தறதுக்குத்தானே யோசனை?

— காப்பாத்தறதுக்குத்தான்.

— அப்புறம் என்னா?

— மேல் டிவிஷன மூடணும்னு எழுதியிருக்கேன்ப்பா.

— மேல் டிவிஷனா? நம்ம லயம் இருக்கற டிவிஷனா?

— ஆமாப்பா. எந்திரிச்சுப் போயிடாதீங்க.

— நீதானே முழுசாக் கேக்கச் சொன்ன. கேட்டுட்டு இருக்கேன்.

— அவங்க முழுத் தோட்டத்தையும் மூடிட்டுப் போறதாத்தான் இருந்தாங்க. பேங்க்குல நெருக்கறாங்க. நான் நின்னு சண்டை போட்டுக் கீழ் டிவிஷனையும் பேக்டரியையும் தக்க வெச்சிருக்கேன். மேல இருக்கறது எல்லாம் வயசான செடி, பாதி இடத்துல செடி செத்துக் குழி விழுந்து கெடக்குது. கணக்க எப்படி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாலும் கடைசியில மேல் டிவிஷன்தான் வந்து நிக்குது. நான் பாக்காத வழி இல்லப்பா.

— அப்ப தெய்வம்மாவுக்கு வேலை இல்ல.

— இல்ல.

— சின்னம்மைக்கு?

— இல்லப்பா.

— உன்னைய அட்டை கடிச்சிரும்னு மழை நாள்லயெல்லாம் பள்ளிக்கூடம் வரைக்கும் தூக்கிட்டு வருவா. அவ கால்ல ஏறின அட்டைய...

— தெரியும்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா சொல்றீங்க?

— குத்திக் காட்டல ஆயி. ஞாபகம் வந்துச்சு, சொன்னேன். காம்பரா? லயத்துல நாம இருக்கற காம்பராவ நமக்கே விட்டுருவாங்களா?

— வேலை இருந்தாத்தான் வீடு. கொஞ்ச நாள் டைம் குடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். குடுப்பாங்க.

— கொஞ்ச நாள்.

— ஆமா.

— சிலோன்ல எங்கப்பனும் நானும் ஒரே காம்பராவுலதான் பொறந்தோம். திடீர்னு ஒரு நாளு வந்து, உங்க ஊருக்குப் போங்கன்னாங்க. எங்க ஊரு எதுன்னு எங்களுக்கே தெரியல. தலைமன்னார்ல கப்பலேறினப்போ உங்கம்மா கேட்டா, 'அங்க நமக்கு யாரு இருக்கா'ன்னு. நாம இருக்கமேன்னு சொன்னேன். மண்டபத்துல கேம்புல கெடந்து, அங்க போ இங்க போன்னு அலைக்கழிச்சு, கடைசியில இந்த மலைக்கு வந்து சேந்தோம். நீ பொறந்தே. சரி, இதுதான் ஊருன்னு நெனச்சோம். இப்ப இங்க இருந்து போன்னா எந்த ஊருக்கு ஆயி போகச் சொல்லுவாங்க?

— என்னையக் கேட்டா எப்படிப்பா?

— உன்னையக் கேக்கல.

— வேற யாரக் கேக்கறீங்க? இந்த ரூம்ல நான்தானே இருக்கேன்.

— அழாத. கண்ணு செவந்துரும், மேடையில நிக்கணும். ஒண்ணு செய்வமா? பேச வேணாம். காச்சல்னு சொல்லிட்டு எங்ககூட லாரியில ஏறிரு. பாண்டியன்கிட்டச் சொல்லி முன்னால எடம் புடிச்சுத் தரேன்.

— வந்துடலாம்பா. இப்பவே வந்துடலாம்னுதான் எனக்கும் இருக்கு. நான் வந்துட்டா எங்க மேனேஜர் இந்த வேலைய எடுத்துக்குவாரு. அவருக்குக் கீழ் டிவிஷனும் வேணாம், பேக்டரியும் வேணாம். மொத்தமா மூடிட்டு நெலத்தப் பிரிச்சு வித்துடலாம்னு ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டிருக்காரு. நான் நின்னாத்தான் பாதியாவது மிஞ்சும்.

— அப்ப பேசினாலும் மேல் டிவிஷன் போச்சு. பேசலேன்னா எல்லாமே போச்சு.

— ஆமாப்பா.

— நம்ம தொரை, மேல கேக்கணும்னு சொன்னப்ப அந்தாளு ஏமாத்தறாருன்னு நெனச்சேன். நெசமாத்தான் சொல்லியிருக்காரு போல. மேல ஏறி வந்தவங்க கையிலயும் ஒண்ணும் இல்ல.

— என்னையத் திட்டுங்கப்பா. நாலு வார்த்தை திட்டிட்டீங்கன்னா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்.

— உன்னையப் படிக்க வெச்சதே யாரும் திட்டாத எடத்துல நீ இருக்கணும்னுதான். நான் எப்படித் திட்டறது?

— மேடம், மேடம்! கதவச் சாத்திட்டீங்களா? வெள்ளியங்கிரிங்க. உள்ள வரலாங்களா?

— வாங்க சார்.

— ரெடியாயிக்கோங்க. கல்கத்தாக்காரரு நன்றி சொல்ற எடத்துக்கு வந்துட்டாருங்க. அப்புறம் ஒரு சமாச்சாரம். கேட்டுல ஒரு லாரி சனம் மழையில நனைஞ்சுட்டு நின்னுச்சுங்க. வாட்ச்மேன் தொரத்தப் பாத்தான். கேட்டா உங்க எஸ்டேட்டு ஆளுங்களாமே! அட, உள்ள விடப்பான்னு நான்தான் சொன்னேன். ஹாலுக்குப் பின்னால செவுத்தோரமா நிக்கறாங்க. பட்டுச் சேலை கட்டின ஒரு அம்மா எனக்குக் கையெடுத்துக் கும்புட்டுதுங்க, என் மனசே ஒரு மாதிரி ஆயிருச்சு.

— உள்ள விட்டுட்டீங்களா?

— நல்லதுக்குத்தானுங்க மேடம். நீங்க அந்த லயத்துலயே பொறந்து வளந்தவங்கன்னு நான் அறிமுகத்துல சொல்லப் போறேன். நீங்க மத்ததெல்லாம் இங்கிலீசுலயே பேசுங்க. ஆள்குறைப்புப் பத்தின விசயத்த மட்டும் தமிழ்ல சொல்லிருங்க.

— ஏன் சார்? நான் தயார் பண்ணது எல்லாமே இங்கிலீசுல இருக்கு.

— பாருங்க, ஓனருங்க வாயில அந்தச் சொல்லு வந்தா நாளைக்கே யூனியன்காரங்க கொடி பிடிப்பாங்க. தொழிலாளி மகளே எந்திரிச்சு நின்னு சொன்னா யாரு என்ன பேச முடியும்? கமிட்டியில எல்லாரும் அதைத்தானுங்க சொன்னாங்க. உங்க கம்பெனியில எத்தனையோ பேரு இருக்க உங்களையே அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினது அதுக்குத்தானுங்க.

— ஓ. அதுக்குத்தானா.

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்கும் தேயிலைதானுங்க சோறு. கட்டபெட்டுல என் பேக்டரி பூட்டிக் கெடக்குது. வித்தர்றேன்னாலும் வந்து பாக்கறதுக்கு ஆளில்ல. கொழுந்து கொண்டாந்த சிறுதோட்டக்காரங்க என் ஊட்டு வாசல்ல கொட்டிட்டுப் போறாங்க, நான் என்ன செய்யறதுங்க? யாராவது ஒருத்தர் இதச் சொல்லித்தான் ஆகணும். சொல்ற வாய் கொஞ்சம் நல்ல வாயா இருக்கட்டும்னு பாத்தோம். அய்யா, நீங்க முன்வரிசைக்கு வாங்க, ஒரு சேர் போடச் சொல்றேன்.

— வேணாங்க தொரை. நான் சனத்தோடயே நின்னுக்கறேன்.

— உங்க இஷ்டமுங்க. அந்தா, கை தட்டறாங்க, முடிச்சுட்டாரு. நான் மேடைக்குப் போறேன். பேரச் சொன்னதும் வந்துருங்க மேடம்.

— வரேன் சார்... அப்பா, எங்க போறீங்க?

— பின்னாலதான். சனம் தேடும்.

— அவங்ககிட்டச் சொல்லப் போறீங்களா?

— சொல்லத்தானே வேணும் ஆயி. ஒண்ணும் வெளங்காம செவுத்தோரமா எம்புட்டு நேரம் நிப்பாங்க?

— சொல்லிடுங்க. நான் மைக்குல சொல்லி அவங்க கேக்கறதவிட நீங்க சொல்றது தேவலை. சின்னம்மை அத்தை மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால பேச முடியாதுப்பா.

— பாக்க வேணாம். முன்னால இருக்கற தொரைமாரப் பாத்துக் கதை. அந்தச் செயலாளரு சொன்னாருன்னு தமிழ்ல மட்டும் சொல்லிராத. எல்லாத்தையும் இங்கிலீசுலயே சொல்லிரு.

— இங்கிலீசுல சொன்னா மட்டும்? நான் என்ன சொல்றேன்னு உங்களைத்தானே கேப்பாங்க?

— கேப்பாங்க. சிலோன்ல தொரை பங்களாவுல வேலை பாத்தவன், இங்கிலீசு தெரிஞ்சவன்னு இத்தன வருசமா லயத்துல பீத்திக்கிட்டு இருக்கேன்ல.

— உங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாதேப்பா!

— அது உனக்குத்தானே தெரியும்? நீ பாட்டுக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லு. மேல் டிவிஷன மூடக் கூடாதுன்னு எங்க மக தொரைமாருங்ககிட்ட மன்றாடுதுன்னு நான் பின்னால நின்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே வரேன். நடுவுல நம்ம சனம் கை தட்டும். நீ நிமிந்து பாத்துராத ஆயி.